என் தங்கையின் விரல்கள்

டெல்லி லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், என் தங்கையை உங்களுக்கு உடனே நினைவு வரும். ஒரு குளிர்காலம் முழுக்க விரலில் எலுமிச்சம்பழத்தைச் செருகிக்கொண்டு பிளாக் பிளாக்காகத் திரிந்தாளே, அந்தப் பெண். அவளுக்கு ஒரு அக்கா இருந்தது நினைவிருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் நம்மில் ஒருவரைப் பார்த்தேன். வெகுநேரம் பேசினார். எலுமிச்சம்பழக்காரி எப்படியிருக்கிறாள், எங்கே இருக்கிறாள், இப்போதும் நகம் கடிக்கிறாளா என்று விசாரித்தார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீங்க அவளுக்கு என்ன வேணும்?" என்றார்.

நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது, இதையெல்லாம் உதறியிருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கலாம். நானும் உதறிவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன், இந்தக் குளிர்காலம் வரை.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நகத்தோரத் தோலைப் பிய்ப்பது அவளுக்குப் பல வருஷப் பழக்கம். பரீட்சை நெருங்கினால் கூடும். இந்த முறை ஸ்வெட்டர் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டே திரிந்தாள். குளிருக்காக என்று நினைத்தேன். வலது கட்டைவிரலில் சீழ் கட்டி, வீங்கி, காய்ச்சல் வந்த அன்று பள்ளியிலிருந்து அவள் போன் செய்தது எனக்கு அல்ல. டெல்லியின் மறுகோடியில், துவாரகாவில் இருக்கும் தன் சித்திக்கு. என் தங்கை போய் அவளை அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போயிருக்கிறாள். கீறி, பாதி நகத்தை எடுத்து, கட்டுப் போட்டு, எல்லாம் முடிந்த பிறகு எனக்குச் சொன்னார்கள். நான் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். "பயப்படாத, எலும்பு வரைக்கும் போகலயாம்" என்றாள் தங்கை. அந்த எலும்பு என்ற சொல் இன்னும் என் காதுக்குள் இருக்கிறது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் அவள்தான் கையெழுத்துப் போட்டாளாம். உறவு என்று கேட்ட இடத்தில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் மகள் தன் கையை என்னிடம் காட்டவில்லை. நான் அறைக்குள் வந்தால் போர்வைக்குள் போய்விடும். கட்டு மாற்றச் சித்திதான் வர வேண்டும். மெட்ரோ பிடித்து, மருந்துப் பையோடு அவள் வருவாள். கதவு சாத்தப்படும். உள்ளேயிருந்து இரண்டு பேரும் சிரிக்கும் சத்தம் கேட்கும். நான் சமையலறையில் நின்று இருவருக்கும் டீ போடுவேன். பெற்ற பிள்ளையின் காயம் எப்படி இருக்கிறது என்று அடுத்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலைமை. பால் பொங்கி வழிந்த ஒரு நாளில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நெஞ்சுக்குள் எரிந்தது எது என்று எனக்கு அடையாளம் தெரிந்தது. பழைய ஆள்தான். ஆறாம் வகுப்பில் எனக்குப் பழக்கமானது. அன்றைக்கும் இதே தங்கையின் மேல்தான்.

அந்த வருஷம் அப்பாவை ஜெய்ப்பூருக்கு மாற்றியிருந்தார்கள். டெல்லி வீட்டை விட மனமில்லாமல் அம்மா எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். அம்பாசமுத்திரத்தில் டைப்பிங் ஹையரும் சுருக்கெழுத்தும் பாஸ் செய்துவிட்டு டெல்லிக்கு ரயிலேறியவள் அம்மா. ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோ. நம் காலனியில் பாதி வீடுகள் அப்படி வந்தவைதானே. ஊரில் மற்றவர்களுக்கு வயல் இருந்தது, கடை இருந்தது. எங்களுக்கு அம்மாவின் விரல்கள் இருந்தன. காய் நறுக்கும்போது விரல் நுனியில் கத்தி பட்டுவிடாமல் அவள் எடுத்துக்கொள்ளும் கவனம் வேறு எதிலும் இருக்காது. குளிரில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டிலைப் பால்கனி வெயிலில் வைத்து, உருகியதும் ஒவ்வொரு நகத்தின் அடியிலும் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொள்வாள். பிறகு தங்கையைக் கூப்பிட்டு அவள் விரல்களுக்கும் தேய்ப்பாள். என் விரல்களைப் பார்த்து, "ஒனக்கு நல்லாத்தான் இருக்கு" என்பாள். மிச்ச எண்ணெயைத் தன் முழங்கையில் தடவிக்கொள்வாள்.

தங்கை அப்போது இரண்டாம் வகுப்பு. நகம் என்று அவளுக்கு மிஞ்சியிருந்தது விரலின் பாதியில் ஒரு கோடு. அதற்கு மேல் சதை உருண்டு, சிவந்து, பார்க்கவே கூசும். நகம் தீர்ந்தால் தோலைக் கடிப்பாள். திங்கட்கிழமைப் பிரேயரில் டீச்சர் நகம் பார்ப்பது உங்களுக்கு நினைவிருக்கும். என் கை வரும்போது தொடக்கூட மாட்டார். "குட்" என்று தாண்டிவிடுவார். இரண்டாம் வகுப்பு வரிசையில் போய் நிற்பவர் நின்றவர்தான். தங்கையின் கையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்து, பக்கத்து வரிசை டீச்சரையும் கூப்பிட்டுக் காட்டுவார். குனிந்து ஏதோ கேட்பார். கன்னத்தைத் தட்டுவார். வெட்டிச் சுத்தமாக வைத்திருந்த என் பத்து நகங்களையும் நான் பாவாடைக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்பேன்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வயிற்றில் பூச்சி என்றார் டீச்சர். பூச்சி மருந்து கொடுத்தார்கள். எனக்கும் சேர்த்துக் கொடுத்த ஒரே மருந்து அதுதான், அதுவும் பாட்டிலில் மீந்துவிட்டதால். கால்சியம் போதவில்லை என்று டிஸ்பென்ஸரியில் வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். சுண்ணாம்பு ருசி, கொஞ்சம் இனிப்பு. அதை அவள் என் முன்னால் நின்று மெதுவாகச் சப்புவாள். மாடி வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி மிளகாய்த் தூள் தடவச் சொன்னாள். அம்மாவுக்கு மனம் வரவில்லை. வேப்பிலையை அரைத்து விரல்களில் பூசினாள். முதல் நாள் தங்கை துப்பினாள். சில நாட்களில் அவளுக்கு வேப்பிலை பிடித்துப் போய்விட்டது. பூச்சு காய்ந்துவிட்டால், "அம்மா, இன்னும் கொஞ்சம்" என்று கையை நீட்டுவாள்.

மிளகாய் யோசனை எடுபடவில்லை என்றதும் ஆன்ட்டி தன் மகனுக்குப் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை ஓரமாக வைத்துவிட்டுத் தங்கைக்கு ஒரு ஜோடி கையுறை பின்னினாள். ரத்தச் சிவப்பு. மணிக்கட்டில் வெள்ளைக் குஞ்சம். கடைசியில் அதன் நுனிகளையும் கடித்துப் பிரித்து, பல்லிடுக்கில் சிவப்புக் கம்பளி இழையோடு தங்கை நின்றபோது எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையுறை எங்கே போனது என்று தெரியவில்லை. அதை ஒருமுறையாவது போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்கு நெடுநாள் இருந்தது.

பிறகு நகச்சுத்தி வந்தது. முதலில் ஆள்காட்டி விரல். அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தின் மேலே கத்தி முனையால் குடைந்து, உள்ளே மஞ்சளும் உப்பும் வைத்து விரலில் மாட்டிவிட்டாள். அந்தப் பழத்தோடு தங்கை தூங்கினாள், சாப்பிட்டாள், பாண்டி ஆடினாள். குவார்ட்டர்ஸ் முழுக்க அவளுக்குப் புகழ் வந்துவிட்டது. வடக்கத்திப் பிள்ளைகள், "நீம்பு வாலி", எலுமிச்சம்பழக்காரி, என்று கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தார்கள். அவள் படுத்தால் ரஜாய்ப் போர்வைக்குள் எலுமிச்சை வாசனை அடிக்கும். அம்மா நடுவில் படுத்து, பழம் கழன்றுவிடாமல் அந்தக் கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு தூங்குவாள். அம்மாவின் முதுகு எனக்கு.

ஒரு நாள் என் விரலிலும் வலி என்று அம்மாவிடம் சொன்னேன். எந்த விரல் என்று கேட்டதற்கு, தயாராக இல்லாததால், நடுவிரலைக் காட்டினேன். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து அழுத்திப் பார்த்தாள். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவள் விரல் நுனிகள் காய்த்துப்போய் வழவழப்பாக, கூழாங்கல் மாதிரி இருக்கும்.

"ஒனக்கு ஒண்ணுமில்லட்டி. போய்ப் படி" என்றாள்.

ஒரு விரல் ஆறினால் இன்னொன்று வீங்கும் என்று போய்க்கொண்டிருந்தபோது அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. அது டெல்லித் தமிழ் ஸ்டெனோ ஒருத்திக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. கைக்கு வேலை இல்லாததால்தான் அது வாய்க்குப் போகிறது, அதனால் கைக்கு வேலை கொடுக்க வேண்டும். அலுவலகத்தில் கழித்துக் கட்டி ஏலத்தில் விட்ட பழைய டைப்ரைட்டர் ஒன்றை எடுத்து, ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தாள். மேசைமேல் அதை ஏற்றிவைக்கக் கீழ் வீட்டுக்காரர் வந்து பிடிக்க வேண்டியிருந்தது. ரிப்பன் மசியும் இயந்திர எண்ணெயும் கலந்த அந்த வாசனை, கேஸ் அடுப்பு வாசனையையும் தாண்டி வீடெங்கும் பரவியது. தங்கையை இரண்டு தலையணை வைத்து நாற்காலியில் உட்கார்த்தினாள். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப். செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. நம் வீடுகளில் பத்தாவது முடித்தவர்கள் படிக்கும் பாடம். தங்கைக்கு அப்போது ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும்தான் எழுதத் தெரியும்.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தால் நியாயம். மூத்தவள், நகம் கடிக்காதவள். கேட்டேன். "நீ படிச்சு ஆபீஸர் ஆவே. ஒனக்கு எதுக்கு இது" என்றாள் அம்மா. என் தலையில் கைவைத்துச் சொன்ன நல்ல வார்த்தைதான். ஆனால் சொல்லிவிட்டு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, தங்கையின் இரண்டு பக்கமும் கைகளை நீட்டி, அவள் விரல்கள்மேல் தன் விரல்களை வைத்தாள். தாடை அவள் உச்சந்தலையில். நான் உள்ளறையில் சரித்திரப் பாடத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். டக், டக், டக், டக், வரி முடிந்ததும் அந்த மணி. தினமும் சாயங்காலம் அம்மா வந்து, டீ குடித்து, அடுப்பைப் பற்றவைக்கும் முன்பு அது நடக்கும். அம்மா என்று எங்களுக்குக் கிடைத்ததே அந்த நேரம்தான். அது முழுக்க அவளுக்குப் போனது.

இன்று யோசித்தால் பெரியவர்கள் யாரும் ஒரு தடவைகூடக் கேட்காதது ஒன்று இருக்கிறது. இந்தப் பெண் எப்போது கடிக்கிறாள்? எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டைத் திறந்து, நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும் நேரத்தில். அம்மாவை ஆபீஸிலிருந்து கொண்டுவரும் சார்ட்டர்ட் பஸ் திரும்பும் தெருமுக்கை எங்கள் பால்கனியிலிருந்து பார்க்கலாம். இருட்டத் தொடங்கியதும் தங்கை அங்கே போய்க் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். பஸ் ஒன்று திரும்பும். அதில் அம்மா இருக்க மாட்டாள். கை வாய்க்குப் போகும். "அம்மா வந்துருவாளா?" என்று திரும்பாமலே கேட்பாள். பனிமூட்டம் இறங்கிவிட்டால் முக்கும் தெரியாது. தெருவிளக்கைச் சுற்றி மஞ்சளாக ஒரு வட்டம் மட்டும் தெரியும். சாஹேப் கடைசி நேரத்தில் டிக்டேஷன் கொடுத்துவிட்டால் அம்மா வழக்கமான பஸ்ஸை விட்டுவிடுவாள். அந்த நாட்களில் தங்கையின் விரல்களில் ரத்தம் வரும். படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு ஓடுவாள். வயிற்றுப் பூச்சியும் இல்லை, கால்சியமும் இல்லை. யாராவது என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னை யாரும் எதையும் கேட்பதில்லை. நான் நன்றாக இருந்தேன்.

டைப்பிங் ஆரம்பித்த பிறகு கடிப்பது நின்றுவிட்டதாக அம்மா மாடி ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டாள். அம்மா வீட்டில் இருக்கும்போது நின்றிருந்தது உண்மைதான். அப்போது ஒரு நாள் சாயங்காலம், அடித்து முடித்த தாளை உருவி வெளிச்சத்தில் பார்த்தவள், நெற்றியைச் சுருக்கினாள். எல்லா எழுத்தும் அழுத்தமாக விழுந்திருந்தது. ஏ மட்டும் மங்கல். வரிக்கு வரி, ஏ இருக்கும் இடத்தில் ஒரு சாம்பல் நிழல். டைப்பிங் தெரிந்தவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். ஏ என்பது இடது சுண்டுவிரலின் எழுத்து. படிக்க வருபவர்கள் எல்லாரும் அந்த விரலைத்தான் சோம்பேறியாக்குவார்கள்.

"சுண்டுவெரல ஏமாத்துதியே. அமுக்கி அடிட்டி" என்றாள் அம்மா.

தங்கை அடித்தாள். மறுபடி மங்கல். அம்மா அவள் சுண்டுவிரலின்மேல் தன் சுண்டுவிரலை வைத்து அழுத்தினாள். ஏ. ஏ. ஏ. ஏ. ஒரு வரி முழுக்க. தங்கை வாயைத் திறக்கவில்லை. நான் கதவோரம் நின்று அவள் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் முடி சிலிர்த்து நின்றது.

காலையில் சுண்டுவிரல் நீலம் பாரித்து, கை வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. உள்ளே எப்போதோ சீழ் கட்டியிருக்கிறது. முந்தின சாயங்காலம் அழுத்திய அழுத்தில் அது உள்ளுக்குள்ளேயே உடைந்துவிட்டது. டிஸ்பென்ஸரியில் முடியாது என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே கீறி எடுத்தார்கள். அம்மா லீவு போட்டாள். அவள் லீவு போட்டு நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து தங்கையை மடியில் கிடத்திக்கொண்டு, தன் சுண்டுவிரலைத் தானே பார்த்துப் பார்த்து அழுதாள். அது எவ்வளவு பெரிய துக்கம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. மடியில் இடமில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

ஹோலிக்கு அப்பா மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். டைப்ரைட்டரைக் காயலான் கடைக்காரன் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனான். அவளுடைய அந்தச் சுண்டுநகம் நடுவில் ஒரு வரப்பு விழுந்துதான் திரும்ப முளைத்தது. இன்றும் அப்படித்தான் இருக்கிறது. தங்கை கடிப்பதை விடவும் இல்லை. அம்மா போன வருஷம் கடைசி நாட்களில் அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இனி, இந்தக் குளிர்காலம்.

என் மகளுக்கு நான் என்னவெல்லாம் செய்தேன் என்று உங்களில் பிள்ளை வளர்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கசக்கும் நெயில் பாலிஷ் வாங்கிப் பூசினேன். மானிக்யூர் என்று அழைத்துப் போனேன். பிளாஸ்திரி ஒட்டினேன். தினமும் அலுவலகத்திலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே, "கையக் காட்டு" என்றேன். என் அம்மா என்னிடம் ஒரு நாளும் அப்படிக் கேட்கவில்லை. நான் கேட்கிறேன், நான் கவனிக்கிற தாய் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. விஷயத்தைக் கேட்ட என் கணவர், ஒரு நகத்துக்கு இவ்வளவு ரகளையா என்றார். பிறகு கட்டைவிரலின் புகைப்படத்தைத் தங்கை அனுப்பியதும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் கட்டு மாற்றிவிட்டுச் சமையலறைக்கு வந்த தங்கையிடம் கேட்டேவிட்டேன்.

"ஒங்கிட்ட மட்டும் எப்படிக் காட்டுதா?"

அவள் டீயை ஆற்றிக்கொண்டே, "நான் காட்டுன்னு கேக்கதில்லக்கா" என்றாள். "நான் என் கைய நீட்டுவேன். அவ அதைப் பாத்து, சித்தி, இந்த வாரம் உனக்குத்தான் ஃபர்ஸ்ட் ப்ரைஸ்னு சொல்லுவா. அப்புறம் அவளே பிரிச்சுருவா."

அவள் கையைப் பார்த்தேன். ஒரு கம்பெனியில் நூறு பேரை வேலை வாங்குகிறவளின் கை. நகங்கள் இன்னும் பாதியில்தான் நிற்கின்றன. இந்தச் சங்கத்தில் சேர எனக்குத் தகுதி இல்லை என்று புரிந்தது. நல்ல நகங்களை வைத்துக்கொண்டு நான் மறுபடியும் வெளியே நிற்கிறேன்.

"அன்னைக்கு சுண்டுவெரலு வலிக்கின்னு ஏன் அம்மாகிட்ட சொல்லல?" என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை.

"சொன்னா பாடத்த நிறுத்திட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவால்லா" என்றாள். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஒனக்கென்ன, நீ ஆபீஸர் ஆவேன்னு ஆபீஸ் பூரா சொன்னத எங்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தா. நான் அதைக் கேட்டுக் கேட்டே மிச்ச நகத்தையும் தின்னேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் அம்மா அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அடுத்த முறை தங்கைக்கு வேலை இருந்ததால் தோல் டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது. சந்தோஷமாக லீவு போட்டேன். அங்கேயும் டாக்டர் கட்டைப் பிரித்தபோது மகள் உடம்பைத் திருப்பி எனக்குத் தெரியாமல் கையை மறைத்துக்கொண்டாள். டாக்டரம்மா நிதானமாகப் பேசுகிறவர். இது கெட்ட பழக்கமோ பிடிவாதமோ இல்லை, மனசு பதறும்போது கை தானாகத் தேடிக்கொள்கிற வேலை, திட்டினால் கூடத்தான் செய்யும் என்றார். நகம் வளர மாதக்கணக்காகும், பழையபடி வளருமா என்று இப்போதே சொல்ல முடியாது என்றார். பேசிப் பழக்குகிற கவுன்சிலர் ஒருவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். பிறகு, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று ஹிந்தியில் கேட்டார்.

"என் தங்கைக்கு" என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொல்லியிருப்பேன். மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மத்தியானம் பால்கனியில் நல்ல வெயில். அவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வலது கையை ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்ததும் சொன்னாள்.

"டாக்டர்கிட்ட ஏன் ஜூட் சொன்ன?"

"என்ன பொய் சொன்னேன்?"

"சித்திக்கு மட்டும்தான்னு."

"வேற யாருக்கு இருக்கு?"

"அம்மா, ஸீரியஸ்லி?" என்றாள். "உன் கால்."

என்ன கால் என்று கேட்டேன். அவள் ஆரஞ்சுச் சுளையின் நாரை ஒற்றைக் கையால் உரித்துக்கொண்டே, குழந்தைக்கு விளக்குவது மாதிரி சொன்னாள்: நான் கோச்சிங் முடித்து வர லேட்டானால் நீ சோஃபாவில் உட்கார்ந்து குதிகால் தோலைப் பிய்ப்பாய். டிவி ஓடும், நீ பார்க்க மாட்டாய். அப்பா ஃப்ளைட் லேட்டானாலும் அப்படித்தான். பெட்ஷீட்டில் கால்மாட்டில் ரத்தப் புள்ளி இருக்கும். நீ செருப்பு போடும்போது ஒரு காலைச் சாய்த்துத்தான் வைப்பாய். நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிறேன்.

"அது பித்தவெடிப்புட்டி. குளிருக்கு எல்லாருக்கும் வரும்."

"அச்சா? ஜூன்லயும் வருமா?"

அது ஒரு பழக்கம் என்று நான் நினைத்ததே இல்லை. எப்போது ஆரம்பித்தது என்று யோசித்துப் பார்த்தேன். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தங்கை நிற்கிறாள். அவளுக்குப் பின்னால், வாசல்படியில், பள்ளிக்கூட சாக்ஸைக் கழற்றிவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் புத்தகம் விரித்தபடி இருக்கிறது. ஒரு கை காலடியில். முக்கில் பஸ் திரும்பும் சத்தத்துக்கு என் காதும் அவள் காதைப் போலத்தான் காத்திருக்கிறது. சாக்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டால் முடிந்தது. யாருக்கும் தெரியாது. டீச்சர்கள் கையைத்தான் பார்த்தார்கள்.

யாருக்கும் தெரியாது என்று இத்தனை நாள் இருந்தேன். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஆரஞ்சு தின்கிறவளுக்கு, என் கால் எந்தப் பக்கம் சாயும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. நான் தினமும் வாசலில் நின்று அவள் கையைச் சோதித்தேன். அவள் என்னிடம் எதையும் கேட்காமலே என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது, இதை என்னிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாளோ என்று பயமாக இருந்தது. அதோடு சேர்த்து இன்னொன்றும் இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்தது கையில் வந்துவிட்ட மாதிரி ஒன்று. சொன்னால் சிரிப்பீர்கள்.

"ஏன் இத்தன நாளா சொல்லல?" என்றேன்.

"நீ ஒளிச்சு வச்சுக்கிட்ட. நான் என்ன சொல்ல?"

வெயில் அவள் முழங்கால்வரை ஏறியிருந்தது. ஆரஞ்சுத் தோல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"ஓகே, டீல்" என்றாள். "நீ உன் காலைக் காட்டு. நான் என் கையைக் காட்டறேன்."

பெற்ற மகளின் முன்னால் சாக்ஸைக் கழற்ற எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. ஓரிடத்தில் ரத்தம் காய்ந்து கம்பளி தோலோடு ஒட்டியிருந்தது. அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, என் குதிகாலைத் தன் மடியில் எடுத்து வைத்தாள். இடது கையால் மெதுவாகத் திருப்பினாள். புண்ணைத் தொடாமல், முகம் சுளிக்காமல், வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"சித்தியைவிட நீதான்மா மோசம்" என்றாள்.

"நெசமாவா?"

"ப்ராமிஸ். அவ பக்கத்துல கூட வர முடியாது."

எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்கத் தெருவைப் பார்த்தேன். கீழே காய்கறி வண்டிக்காரன் பட்டாணி, பட்டாணி என்று கூவிக்கொண்டு போனான். திரும்பியபோது அவள் வலது கையை ஸ்வெட்டரிலிருந்து வெளியே எடுத்திருந்தாள். என் காலை மடியிலிருந்து இறக்காமலே, பல்லால் டேப்பின் நுனியைக் கிள்ளி, கட்டைப் பிரிக்க ஆரம்பித்தாள்.